வாளிக்குள் அடங்கிய வீடு

திருகோணமலையில் தன் வீடு முழுவதையும் ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்கக்கூடிய மனிதர் ஒருவர்தான். மற்றக் கையில் அவர் பீடி வைத்திருப்பார்.

அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் துறைமுகப் பக்கத்தில் ஒருவருக்கும் தெரியாது. எல்லோருக்கும் அவர் வாளியர். கப்பல் வந்தால் கரையில் நின்று கயிறு பிடித்துக் கட்டுவது அவர் வேலை. நான் கப்பல் கம்பனி ஒன்றின் கந்தோரில் கிளார்க். துறைமுகத்துக்குக் கிட்ட, கணவர் இறந்த பிறகு தன் வீட்டையே விடுதியாக்கிய கிண்ணியாப் பெண் ஒருவரிடம் இருவரும் குடியிருந்தோம். அடுத்தடுத்த அறை. அந்தப் பெண்ணை எல்லோரும் லாத்தா, அதாவது அக்கா, என்போம். எங்களுக்கு மூன்று வேளையும் சமைத்துப் போடுவதில்தான் அவர் சீவியம் ஓடியது.

வாளியரிடம் மூடி போட்ட நீல வாளி ஒன்று இருந்தது. அதற்குள் அடங்காத எதுவும் தனக்கு வேண்டாம் என்பது அவர் சட்டம். மாற்றுச் சாரம் ஒன்று, சேர்ட் ஒன்று, தட்டு ஒன்று, கோப்பை ஒன்று, டோர்ச் ஒன்று, கத்தரிக்கோல் ஒன்று, பொலித்தீன் பைக்குள் அடையாள அட்டை. எல்லாவற்றுக்கும் அடியில் பழந்துணியில் சுற்றிய பொட்டலம் ஒன்று. அதை அவர் அவிழ்த்து யாரும் கண்டதில்லை.

என் அறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரைஸ் குக்கர், கேத்தல், மிக்சி, இரண்டு இஸ்திரிப் பெட்டி, தொப்பையைக் குறைக்க வாங்கி ஈரச் சாரம் காயப்போடுகிற சைக்கிள், ஆளுயர அலுமாரி. கதவைத் திறந்தால் முதலில் சாமான்தான் வெளியே வரும், பிறகுதான் நான்.

பௌர்ணமிக்கு வரும் போயா விடுமுறைக் காலைகளில் வாளியர் வாளியைத் தூக்கிக்கொண்டு சந்தி வரை விறுவிறு என்று நடந்துவிட்டுத் திரும்பி வருவார்.

"எங்க வெளிக்கிட்டாச்சு?" என்று கேட்டால், "ஓடிப் பாக்கிறன்" என்பார்.

சாம்பல்தீவில் பிறந்தவர். சண்டைக்குப் பயந்து ஓடியிருக்கிறார், சுனாமியன்று கடலுக்குப் பயந்தும் ஓடியிருக்கிறார். பழக்கம் விட்டுப்போகக் கூடாதாம். நாங்கள் வாசலில் நின்று கை தட்டுவோம். அவரும் கை காட்டிவிட்டுப் போவார்.

ஒரு சாமான் உள்ளே வந்தால் ஒன்று வெளியே போக வேண்டும் என்பது அவருடைய உப சட்டம். தீபாவளிக்கு நான் புதுச் சேர்ட் ஒன்று கொடுத்தேன். நின்ற இடத்திலேயே போட்டிருந்ததைக் கழற்றி, தெருவில் போன ஐஸ்கிரீம்காரரிடம் நீட்டினார். அந்த மனுசன் பயந்து, மணியை அடித்துக்கொண்டே ஓடிவிட்டார்.

தோப்பூரில் இருந்து புதிதாக வந்த ஒருவர் கிணற்றடிக்கு வாளி தேடினார். நீல வாளியை விடுதியின் பொது வாளி என்று நினைத்து, வாளியருடைய உடைமைகளைப் பாயில் கொட்டிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். வாளியர் வேலையால் வந்து பார்த்தார். கொலை விழும் என்று நாங்கள் காத்திருக்க, அவர் சாமான்களைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"நல்ல வேலை செய்தீர் தம்பி. இந்தக் கத்தரிக்கோல் எனக்கு என்னத்துக்கு?" என்று அதை அவருக்கே கொடுத்துவிட்டார். பொட்டலத்தை மட்டும் உடனே எடுத்து மடியில் செருகிக்கொண்டார்.

அன்றிலிருந்து எனக்கு நித்திரை குறைந்துபோயிற்று. பொட்டலத்துக்குள் தங்கம் என்றார் ஒருவர். காதலியின் கொலுசு என்றார் இன்னொருவர். சீனன்குடாப் பக்கம் கிண்டி எடுத்த வெள்ளைக்காரன் புதையல் என்பது என் கட்சி.

அப்போதுதான் தட்டுப்பாடு வந்தது. காஸ் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, பால்மா இல்லை, பாதி நாள் மின்சாரமும் இல்லை. என் ரைஸ் குக்கர், கேத்தல், மிக்சி எல்லாம் கொலுவில் வைத்த பொம்மைகளாக நின்றன. வெறும் சிலிண்டரோடு வரிசையில் நின்று களைத்த லாத்தா ஒருநாள் குசினிப் படியில் குந்திவிட்டார்.

"இனி ஏலா மகன். இந்த மாசத்தோட பூட்டுறன். கிண்ணியாவுக்குப் போய் தம்பிட ஊட்டு மூலைல கிடக்கிறன்."

எங்கள் சோறு போகப் போகிறது. அவருக்கோ சொந்தக் காலில் நிற்பதே போகப் போகிறது. வாளியர் கேட்டார்.

"லாத்தா, நீங்க எத்தினை கறி வைக்கிறீங்கள்?"

"மூணு கறி, சொதி, பொரியல்."

"ஒரு பானை காணும், மிச்சம் வேண்டாம்."

முற்றத்தில் மூன்று கல் வைத்தார். அரிசி, பருப்பு, கீரை, கிடைத்த மீன் எல்லாம் ஒரே பானைக்குள் போயின. ஆனால் விறகு விலையும் ஆனை விலையாக இருந்தது. வாளியர் கோடரியோடு அறை அறையாக வந்தார். உடைந்த கட்டில், ஆடுகிற மேசை எல்லாம் போயின. கடைசியில் என் வாசல்.

"இந்த அலுமாரி என்னத்துக்கு?"

"உடுப்பு வைக்க."

"உடுப்பு என்னத்துக்கு?"

"உடுக்க."

"அப்ப உடுப்பை உடுங்கோ, அலுமாரியைத் தாங்கோ."

நான் உடுப்புகளை அள்ளிச் சைக்கிளில் போட்டேன். என் அலுமாரியில் வெந்த சோற்றில் கற்பூர உருண்டை வாசம் லேசாக அடித்தது. ஆனாலும் லாத்தா குசினியைப் பூட்டவில்லை. தெருவில் இருந்தவர்களும் தட்டோடு வரத் தொடங்கினார்கள்.

அலுமாரியைப் பலி கொடுத்தவனுக்கு ஓர் உரிமை இருக்கிறதல்லவா? ஒரு பின்னேரம் வாளியருடைய அறைக்குள் போனேன். எட்டிப் பார்த்திருக்கிறேனே தவிர, உள்ளே போனது அதுதான் முதல் தடவை. அவர் திடுக்கிட்டு எழும்பினார். சாமான்களைப் பாயில் கொட்டி, வாளியைக் கவிழ்த்துத் துடைத்தார்.

"இருங்கோ."

கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்தேன். "அந்தப் பொட்டலத்துக்குள்ள என்ன இருக்கு எண்டு இப்பவாவது சொல்லுங்கோ."

"அதைக் கேக்கவோ வந்தனீங்கள்?"

"ஓம்."

"பரவாயில்ல. வந்திட்டீங்கள்தானே."

அவிழ்த்தார். உள்ளே ஒரு கோப்பை. அவரிடம் இருந்த அதே மாதிரி எனாமல் கோப்பை.

"ரெண்டாவது கோப்பையோ! உங்கட சட்டம் என்ன ஆச்சு?"

"இது என்ர இல்லை. வாற ஆளின்ர." துணியால் அதைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "சண்டைக்கு ஓடேக்க என்னட்ட ஒரு கோப்பைதான். வழியில ஒரு மனுசன் தண்ணி கேட்டார். குடுத்துப்போட்டு, கோப்பை திரும்பி வருமோ எண்டு அவற்ற வாயையே பாத்துக்கொண்டு நிண்டனான். அவர் அதைக் கண்டு பாதி குடிச்சிட்டுத் தந்திட்டார். அந்த வெக்கம் எனக்குக் காணும்."

"இஞ்ச வந்தாப்பிறகு இதில ஆரும் குடிக்கேல்லையோ?"

"கதிரை இல்லாத அறைக்கு ஆர் வருவினம்?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முற்றத்து அடுப்பில் இருந்து வெறுந்தேத்தண்ணி எடுத்து வந்து அதில் ஊற்றித் தந்தார். நான் குடித்து முடிக்கும் வரை அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காஸ் திரும்பி வந்துவிட்டது. லாத்தாவின் விடுதியில் இப்போதும் வெள்ளிக்கிழமை என்றால் ஒரு பானைச் சோறுதான், மூன்று கறி வைத்தால் ஆட்கள் சண்டைக்கு வருகிறார்கள். நான் கலியாணம் கட்டி வேறு வீடு போய், அலுமாரியும் வாங்கிவிட்டேன். திருந்துகிற சாதி இல்லை நாங்கள்.

போன கிழமை அந்தப் பக்கம் போனேன். வாளியர் என்னைக் கண்டதும் வாளியைக் கவிழ்த்தார். கோப்பையை அவர் இப்போது துணியில் சுற்றி வைப்பதில்லை. என் வீட்டில் எத்தனையோ கோப்பைகள் இருக்கின்றன. ஆனாலும் அந்த வாளிக்குள் இருப்பதைத்தான் என்னுடையது என்று நினைத்துக்கொள்கிறேன்.