புரியாத வயசுக்கு இருபத்தாறு

திருநெல்வேலி டவுண்,
14-5-97

மெட்ராஸில் கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்க்கும் சிரஞ்சீவி வைத்தீஸ்வரனுக்கு, பெரியப்பா ஆவுடைநாயகம் ஆசீர்வதித்து எழுதுவது. நெல்லையப்பர் தயவில் நான், உன் பெரியம்மா, உன் அக்கா வடிவு மூவரும் சுகம். நமது திருமணத் தகவல் நிலையத்துக்கு நீ எழுதிக் கொடுத்த புரோகிராம் மட்டும் சுகமில்லை.

விஷயம் என்னவென்றால், வயது என்ற இடத்தில் நம்மூர்க்காரன் எவன் வெறும் நம்பர் எழுதுதான்? 'முப்பது முடிஞ்சு நடப்பு' என்பான், 'ஜாதகத்தில் காண்க' என்பான். முப்பத்தைந்துக்கு உட்பட்ட மாப்பிள்ளைகளைக் கேட்டால், கம்ப்யூட்டர் அதை எண்ணாக மாற்றப் பார்த்து, முடியாமல், அப்படியே நின்னு போச்சு. ஒருத்தன் 'நடப்பு'ன்னு எழுதினதுக்கு மத்தவன் ஒருத்தனையும் காட்டமாட்டேன்னா என்னலே நியாயம்? போன் பண்ணினேன். புரியாத வயசுக்குப் பூஜ்யம் போடும்படி மாத்திக் கொடுத்தே. மறுநாள் பட்டியலில் முதல் மாப்பிள்ளை: வயது 0, அரசு வேலை, சொந்த ஸ்கூட்டர். பெண்ணைப் பெத்த அண்ணாச்சி ஒருத்தர் அதை வாங்கிப் படிச்சுட்டு, "பையன் தவழுதானா, நடக்கானா?"ன்னு கேட்டுட்டுப் போயிட்டாரு.

இப்போ, புரியாத வயசை வெறுமையா விட்டுட்டு மத்ததைக் காட்டும், வெறுமையானதைத் தனித்தாளில் அச்சடிக்கும், கேட்டு நிரப்பிக்கிடுங்கன்னு மாத்தியிருக்கே. நல்ல ஏற்பாடுதான். ஆனா அந்தத் தனித்தாளில் முதல் பேரு நம்ம வடிவு! நானும் 'நடப்பு'ன்னுதானே எழுதிருக்கேன். ஞாயித்துக்கிழமை ஆழ்வார்திருநகரியிலிருந்து அவளைப் பார்க்க வாராக. வெறும் இடத்தோட அவ விவரத்தாளைக் கொடுத்தா, வயசை மறைக்கோம்னு நினைக்கமாட்டாகளா? வயசைக் கேட்டே எத்தனையோ இடம் தட்டிப் போச்சு. ஒவ்வொரு தடவையும் அவ அடுப்படியில பாத்திரத்தைப் பைய வைப்பா, எனக்கு அதுதான் தாங்கல. ஆகையால், புரியாத வயசுக்கெல்லாம் இருபத்தாறுன்னு போடும்படி உடனே திருத்து. என் கையால நான் பொய் எழுதமாட்டேன். கம்ப்யூட்டர் போட்டா அது கம்ப்யூட்டர் பாடு.

உன் அம்மாவை விசாரித்ததாகச் சொல். வெயிலில் அலையாதே. சகல பாக்கியமும் பெற்று நன்றாயிரு.

இப்படிக்கு,
ஆவுடைநாயகம்

பி.கு.: தபாலில் சேர்க்குமுன் ஞாயிறு வந்துவிட்டது. வெறும் இடத்தோடதான் தாளைக் கொடுத்தேன். மாப்பிள்ளை பார்த்துட்டு, "வயசு இல்லையே"ன்னு வடிவுகிட்டயே கேட்டுட்டான். நான் வாயைத் திறக்குமுன்னே அவ, "முப்பத்தொண்ணு"ன்னா. "எனக்கு முப்பத்தஞ்சு. எங்கப்பாவும் என்னத்தையோதான் எழுதிக் கொடுத்தாக, உங்க தனித்தாள்ல நானும் இருப்பேன்"ன்னான். பார்த்தேன், இருந்தான். நிச்சயம் பண்ணியாச்சு. இருபத்தாறு போட்டுத் தொலைக்காதே. இத்தனை வருசமா வந்தவுக எல்லாரும் என்கிட்டதான் கேட்டாக; அவகிட்டக் கேட்டவன் இவன் ஒருத்தன்தான்.