பச்சைக் காரும் ஒற்றைச் செருப்பும்

எனக்குக் கார் ஓட்டத் தெரியும், வாங்கத் தெரியாது. இது புரிவதற்குள் பெற்ற மகளைக் கிட்டத்தட்ட ரோட்டில் போட்டுவிட்டேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் போடியில் ஓர் ஏலக்காய் மண்டியில் காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தேன். நல்ல பச்சை என்றால் முதல் தரம், வெளுத்திருந்தால் ஒதுக்கு. பத்து வருடம் இதையே பார்த்த கண் வேறெதையும் பார்க்காது. (பெண் பார்க்க வந்தபோதுகூட தன் பச்சைச் சேலையைத்தான் பார்த்தேன் என்பாள் மனைவி சரசு.)

போடிமெட்டுக்கு மேலே ஓர் எஸ்டேட்டில் பழைய கார் கிடப்பதாகச் சொன்னார்கள். அதை வாங்கி, ஞாயிறுதோறும் நானே பிரித்து மாட்டிப் புதுசாக்கிவிடுவதாகத் திட்டம். சூப்பர்வைசர் ஔசேப்பு ஷெட்டைத் திறந்தார். உள்ளே பளபளவென்று பச்சையாக நின்றது கார்.

"எஞ்சின் பொன்னாணு, சாரே!"

எஞ்சினை யார் பார்த்தது? வெயிலுக்குத் தள்ளிவரச் சொல்லி, நாலு பக்கமும் சுற்றி நிறம் பார்த்தேன். (முகர்ந்தும் பார்த்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது.) அங்கேயே பேசி முடித்துவிட்டேன்.

கூட வந்திருந்த சரசுவையும் ஆறு வயது மகள் செல்வியையும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு மலை இறங்கினேன். கால் வைக்கிற இடத்தில் சாக்கு விரித்திருந்தது. மனுசனுக்குத்தான் என்ன கரிசனம் என்று ஔசேப்பை மெச்சிக்கொண்டேன்.

மூன்றாவது வளைவில் செல்வி கூப்பிட்டாள்.

"அப்பா, ரோடு தெரியுது!"

"மலையில போனா ரோடு தெரியாம வேற என்ன தெரியும்? சும்மா வா ஆத்தா."

"சன்னல்ல இல்லப்பா. காலுக்குக் கீழ ஓடுது!"

சரசு அலறினாள். திரும்பினேன். துருவேறிய தரை சாக்கோடு பிய்ந்து விழுந்திருந்தது. செல்வியின் இரண்டு காலும் ஓட்டைக்குள் தொங்க, சரசு அவள் இடுப்பைக் கட்டிப் பிடித்திருந்தாள். பிரேக்கை மிதித்தேன், அது யோசித்தது. மலைப்பக்கமாக ஒடித்து, பாறையில் உரசித்தான் நிறுத்தினேன்.

செல்விக்கு ஒரு கீறல் இல்லை. ஒரு செருப்பைத்தான் காணோம். அழுதது நான்தான்.

பின்னால் ஏலத்தோட்டத்து ஆட்களோடு வந்த ஜீப்பு நின்றது. டிரைவர் செருப்பைத் தூக்கிக் காட்டினார்.

"அண்ணே, இது ஒங்க வண்டி போட்ட முட்டையா?" குனிந்து பார்த்தார். "தோலு மட்டும்தான் இருக்கு, உள்ள ஒரு வெதைகூட இல்லயேண்ணே! வெரசா ஜீப்புல ஏறுங்க."

ஜீப்பே சிரித்தது. சரசு மட்டும் சிரிக்கவில்லை.

"வீட்டுக்கு வாங்க. நான் தரம் பிரிக்கிறேன்."

ஒரு வாரம் கழித்துப் பழைய இரும்புக்காரர் காரை ஏற்றிப் போனார். அதில் ஒரு திருகுகூட என் கைவேலையைக் கண்டதில்லை. இன்றும் அந்த வளைவில் பஸ் திரும்பினால் இரண்டு காலையும் சீட்டில் தூக்கி வைத்துக்கொள்கிறேன்.

எண்பத்தெட்டாம் வருடம் தையில் செல்விக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுப் புதுக்காரில் ஏறப்போனவள், ஒரு காலை உள்ளே வைத்துத் தரையை ஓங்கி இரண்டு மிதி மிதித்தாள். (எந்த வண்டியானாலும் அவள் வழக்கம் அது. பஸ்சில் கண்டக்டர்கள் முறைப்பார்கள்.) சம்பந்தியம்மா முகம் மாறிவிட்டது.

"என்ன மதினி, பொண்ணுக்குக் கோவமா?"

"கோவமெல்லாம் இல்ல மதினி. அவுக அப்பா வாங்குன காருல வந்த புள்ள, அதான்," என்ற சரசு சுற்றுமுற்றும் பார்த்தாள். "ஆமா, அவரு எங்க?"

நான் பட்டுவேட்டியோடு காருக்கு அடியில் படுத்திருந்தேன்.