கம்பத்துக்காரி போட்ட வைன்

சொந்த ஊரை விட்டு வெளியே வந்துவிட்டால் போதும், அந்த ஊர்ப் பொருளுக்கு நாம் தானாகவே நிபுணர் ஆகிவிடுகிறோம். திருநெல்வேலிக்காரர் வாழ்க்கையில் அல்வா கிண்டியிருக்க வேண்டியதில்லை. வெளியூரில் ஒரு துண்டை வாயில் போட்டு 'ம்ஹூம்' என்று உதட்டைப் பிதுக்கினால் சுற்றி நிற்பவர்கள் பயந்துவிடுவார்கள். திண்டுக்கல்காரரிடம் தெருவே திறக்காத பூட்டைக் கொண்டுவந்து நீட்டும். நான் கம்பத்துக்காரி. கொச்சியில் இந்த மட்டாஞ்சேரிக்குக் குடிவந்த நாளிலிருந்து திராட்சை விஷயத்தில் கடைசி வார்த்தை என்னுடையதாக இருந்தது. (எல்லா விஷயத்திலும் அப்படித்தான் என்பார் என் கணவர். அவருக்கு இங்கே பேச இடம் இல்லை. பின்னால் வேண்டாத நேரத்தில் பேசுவார்.)

அப்பாவுக்குப் பன்னீர் திராட்சைப் பந்தல் உண்டு, அது பொய்யில்லை. வெட்டு நடக்கும் நாட்களில் பந்தலுக்கு அடியில் உட்கார்ந்து, பெட்டியில் போக வேண்டிய பழத்தைத் தின்றதுதான் விவசாயத்துக்கு நான் ஆற்றிய தொண்டு. ஊருக்கு வெளியே ஒரு வைன் ஆலையும் இருக்கிறது. கல்லூரிக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தால் அதன் மதில்சுவரைப் பார்க்கலாம். எனக்கும் வைனுக்கும் இருந்த உறவு அந்த மதில்சுவர் மட்டும்தான். அப்பா டீயையே போதை என்று ஒதுக்கியவர்.

இது ஃபிலோ சேச்சிக்குத் தெரியாது. சேச்சி எங்கள் வீட்டுக்காரம்மா. மகள் லிண்டாவுடன் கீழே இருந்தார், நாங்கள் மாடியில். குடிவந்த முதல் கிறிஸ்துமஸுக்குக் கேக்கும் ஒரு சின்னக் கிளாஸில் வீட்டு வைனும் கொண்டுவந்து தந்தார். மட்டாஞ்சேரியில் சேச்சி போடும் வைனென்றால் நல்ல பெயர் உண்டு. மரியாதைக்காக ஒரு மடக்குக் குடித்தேன். என் வாழ்க்கையின் முதல் மடக்கு. தொண்டை கதகதவென்று ஆனதும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"நல்லாருக்கு சேச்சி. ஆனா பழம் வேற ரகம். எங்க ஊர்ப் பன்னீர் போட்டிருந்தா வாசம் தூக்கியிருக்கும். எங்க பக்கத்துல ஆலையில எல்லாம் அதான்."

"அய்யோ, நீ முந்திரித் தோட்டத்துப் பெண்ணல்லே, உனக்கல்லே அறியாம்" என்றார் சேச்சி. (இங்கே அறியாம் என்றால் தெரியும், முந்திரி என்றால் திராட்சை. பாயசத்தில் போடும் முந்திரியைத் தேடி நான் கடை கடையாக அலைந்தது தனிக் கதை.)

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துகிற ஆளாக இருந்தால் இந்தக் கட்டுரையே வேண்டியிருக்காது. அதிலிருந்து எங்கள் சந்தில் யார் பரணியில் வைன் போட்டாலும் என்னைக் கூப்பிட்டு அபிப்பிராயம் கேட்டார்கள். பரணி என்றால் பீங்கான் ஜாடி. நான் மூடியைத் திறந்து, கண்ணை மூடி, மூக்கைச் சுருக்கி, "இன்னும் கொஞ்சம் நாள் போகட்டும்" என்பேன். எந்த ஜாடிக்கும் பொருந்துகிற பதில் அது.

மறு வருஷம் லிண்டாவுக்குக் கும்பளங்கியில் மாப்பிள்ளை அமைந்தது. கிறிஸ்துமஸுக்கு அடுத்த ஞாயிறு மனசம்மதம், அதாவது நம்மூர் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை. சித்தப்பாதான் வளர்த்தவர். எல்லோரும் அவரைப் பாப்பன் என்று அழைத்தார்கள். அவருக்கு ஓர் இறால் பண்ணை, இரண்டு படகு, அதற்கெல்லாம் மேலாக ருசி அறிந்த ஒரு நாக்கு. அவரும் வைன் போடுகிறவர். 'பெண் வீட்டில் வேறென்ன இருக்கிறது' என்று அவர் யாரிடமோ கேட்டதாகவும், 'ஃபிலோமினாவின் வைன் இருக்கிறது' என்று அந்த யாரோ சொன்னதாகவும், அதைக் கேட்டுத்தான் அவர் சம்மதித்ததாகவும் பேச்சு இருந்தது. சேச்சி விதவை. அந்த வீட்டுக்குப் பெருமை என்று எடுத்து வைக்க அந்த வைன் ஒன்றுதான் இருந்தது.

அந்த நேரம் பார்த்து சேச்சி குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டார்.

"மோளே, இனி நீதான்" என்றார் என்னிடம். "பழம் பிழியறது, கிளறுறது எல்லாம் நீ செய். ஞான் பக்கத்துல நிந்நு பறஞ்ஞு தராம்."

இங்கேதான் புத்தியுள்ளவள் சரி என்றிருப்பாள். "நீங்க ரெஸ்ட் எடுங்க சேச்சி. பரணியை மேல கொண்டு போறேன். எங்க ஊர் முறையிலேயே போட்டுத் தர்றேன்" என்றேன். எங்கள் ஊரில் அப்படி ஒரு முறை கிடையாது. எங்கள் ஊர் முறை, பழத்தைப் பெட்டியில் அடுக்கி லாரியில் ஏற்றி கேரளத்துக்கு அனுப்புவது.

மாடிப்படி ஏற முடியாத சேச்சி, படிக்குக் கீழே நின்று கடைசியாக ஒன்று சொன்னார். "பழம் கழுவ வேண்டா கேட்டோ. துணி வச்சு ஒண்ணு தொடச்சா மதி, அது போதும். தோலுமேல வெள்ளப் பொடி இருக்குமே, அது போகக் கூடாது."

எனக்குச் சிரிப்பு வந்தது. பாவம், மருந்துப் பொடியைப் போய்ப் பத்திரப்படுத்தச் சொல்கிறாரே என்று நினைத்தேன். திராட்சைப் பந்தலில் என்னென்ன அடிப்பார்கள் என்று எனக்கல்லவா தெரியும்? கந்தகம், மயில்துத்தம், பேர் தெரியாத பாட்டில் மருந்து எல்லாம் அடிப்பார்கள். அப்பாவிடம் போனில் பழம் கேட்டபோதுகூட (ஜூஸுக்கு என்றுதான் சொன்னேன்) அவர், "மருந்தடிச்சு ரொம்ப நாளாகலம்மா, நல்லாக் கழுவிச் சாப்பிடுங்க" என்றார். தோட்டத்துக்காரன் மகள் கழுவாமல் திராட்சை தொடமாட்டாள். அது எங்களுக்கு ரத்தத்தில் ஊறியது.

ஆகவே கழுவினேன். முதலில் உப்புத் தண்ணீர், பிறகு மஞ்சள் தண்ணீர், பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று நன்றாகச் சுட வைத்த தண்ணீர். அப்புறம் என்னையும் திருப்திப்படுத்த வேண்டுமே, கணவரை ஞாயிற்றுக்கிழமையென்றும் பாராமல் உட்காரவைத்து ஒவ்வொரு பழமாகத் தேய்க்கச் சொன்னேன். அவர் வில்லிங்டன் தீவில் ஒரு சரக்கு ஏஜென்சியில் வேலை பார்க்கிறவர். ஒரு பெட்டிப் பழத்தைப் பார்த்துவிட்டு, "செல்வி, நீ வைன் போடுறியா, இதுகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறியா?" என்றார். வெள்ளைப் பொடி துளியும் இல்லாமல் பழங்கள் பளபளத்தன. பிசைந்து, சர்க்கரையும் கோதுமையும் பட்டை கிராம்பும் போட்டு, பரணி வாயில் துணியைக் கட்டினேன்.

மறுநாள் காலையில் கீழேயிருந்து குரல் வந்தது. "பொங்கியோ மோளே?"

"பொங்குது சேச்சி."

பொங்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. பரணி, கோபித்துக்கொண்டு பேசாமல் இருக்கும் மாமியார் மாதிரி உட்கார்ந்திருந்தது. சேச்சி தினமும் கேட்டார், நான் தினமும் பொங்கவைத்தேன். பழச்சாற்றைப் பொங்கவைக்கும் சங்கதி அந்த வெள்ளைப் பொடியில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று எனக்கு அப்போது தெரியாது. வெந்நீர் ஊற்றி, மஞ்சள் பூசி, ஒன்று விடாமல் நானே அதைக் கொன்றிருந்தேன். கொஞ்சம் ஈஸ்ட் வாங்கிப் போட்டிருக்கலாம். ஆனால் சந்து முனைக் கடையில் நான் ஈஸ்ட் வாங்கினால், கம்பத்துக்காரிக்கே ஈஸ்ட் வேண்டியிருக்கிறதாம் என்று ஊர் பேசுமே என்ற கவலை.

அப்படி ஒரு காலையில் அடுப்படிக்குள் போனேன். இட்லி மாவு, மூடியைத் தள்ளிக்கொண்டு மேடை வரை வழிந்திருந்தது. கொச்சிப் புழுக்கத்தில் எங்கள் வீட்டு மாவு எப்போதும் அப்படித்தான், அரைத்து வைத்துத் திரும்புவதற்குள் பொங்கிவிடும். நான் மாவைப் பார்த்தேன். பரணியைப் பார்த்தேன். புளிப்பு எங்கே போனாலும் புளிப்புத்தானே?

ஒரு கரண்டி விட்டேன். மறுநாள் ஒன்றும் அசையவில்லை என்று இன்னொரு கரண்டி. மாவுக் கரண்டியோடு போன என்னை இரண்டு நாளும் கணவர் பார்த்தார், ஏதோ பலகாரம் என்று நினைத்துக்கொண்டார்.

பிறகு பொங்கியது பாருங்கள். துணியைத் தூக்கிக்கொண்டு, பரணியின் கழுத்தைச் சுற்றி இளஞ்சிவப்பு நுரையாக இறங்கி, தரையில் ஓடியது. நான் ஆனந்தத்தில் படியில் நின்று "சேச்சி, பொங்குது" என்று கத்தினேன். "நீ தினமும் அதல்லே பறயுந்நது" என்றார் சேச்சி, குழப்பத்துடன்.

வடிகட்டும்போதுதான் எனக்கே லேசாகக் கலக்கம் வந்தது. வைன் தெளிந்த சிவப்பாக இருக்கும் என்று நினைவு. இது ரோஸ்மில்க் போல இருந்தது. கணவரின் வேட்டியில் திரும்பத் திரும்ப வடிகட்டியும் அந்தக் கலங்கல் போகவில்லை. சொட்டு ருசி பார்த்தேன். வாழ்க்கையில் மொத்தமே ஒரு சின்னக் கிளாஸ் வைன் குடித்தவளுக்கு எதோடு ஒப்பிட முடியும்? இப்படியும் இருக்கும்போல என்று சமாதானம் செய்துகொண்டேன். கீழே கொண்டுபோய்க் கொடுத்து, "எங்க ஊர் வைன் கொஞ்சம் கட்டியாத்தான் இருக்கும் சேச்சி" என்றேன். சேச்சி ருசி பார்க்கவில்லை. மனசம்மதத்துக்குப் போட்ட பரணியில் முதல் கிளாஸ் மாப்பிள்ளை வீட்டு மூத்தவருக்கு, அதற்கு முன் பெண் வீட்டில் யாரும் வாய் வைக்கக் கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். அந்த வழக்கத்தைக் கண்டுபிடித்தவரை நான் இன்றும் மன்னிக்கவில்லை.

சர்ச்சில் சடங்கு முடிந்து எல்லோரும் வீட்டுக்கு வந்தார்கள். பாப்பன் நடு நாற்காலியில் உட்கார்ந்தார். லிண்டா கிளாஸை நீட்டினாள். அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், வெளிச்சம் மறுபக்கம் வரவில்லை. முகர்ந்தார். ஒரு மடக்குக் குடித்து, விழுங்குவதா வேண்டாமா என்று சற்று நேரம் வாயில் வைத்திருந்தார்.

"ஃபிலோமினே, இது எந்தாணு?"

சேச்சி இடது கையால் ஒரு கிளாஸை எடுத்து ருசி பார்த்தார். அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். என்னைப் பார்த்தார், ஒரே ஒரு தடவை. பிறகு பாப்பனிடம் திரும்பி, "இந்தத் தடவை சரியாயில்ல. ஞான்தான் போட்டது" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. நிபுணர்கள் அந்த மாதிரி நேரத்தில் பேசமாட்டார்கள். அப்போதுதான் பின்வரிசையில் ஒரு கிளாஸ் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்த என் கணவர், தொலைந்த சொந்தக்காரரைக் கண்டவர்போல முகம் மலர்ந்து உரக்கக் கேட்டார்.

"செல்வி, இது நம்ம வீட்டு மாவு வாசமில்ல?"

மட்டாஞ்சேரியில் தமிழ் புரியாதவர் யார்? அறை முழுக்க என் பக்கம் திரும்பியது.

"மாவோ?" என்றார் பாப்பன்.

"ஒரு கரண்டிதான்" என்றேன்.

"ரெண்டு" என்றார் கணவர். பொய் சொல்லாத மனிதரைக் கட்டிக்கொண்டால் இப்படித்தான்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை. பாப்பன் கிளாஸை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, "சரி, கல்யாணத்துக்கு வைன் ஞங்கள் கொண்டு வராம்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் சேச்சி கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துவிட்டார். அதுவரை இது என் அவமானம் என்றுதான் எனக்குத் தோன்றியிருந்தது. மானம் போனது எனக்கில்லை, அவருக்கு என்று அப்போதுதான் உறைத்தது. வாய்ச்சவடாலுக்கு நான், விலை கொடுக்க அவர். அழுகை வந்தது, அதைக்கூட அங்கே அழ எனக்கு உரிமையில்லை என்று தோன்றியது.

பேசியது லிண்டாதான். அம்மா வைத்த கிளாஸை எடுத்தாள். கண்ணை மூடாமல், முகம் சுளிக்காமல், அந்த வஸ்துவை அடிவரை குடித்தாள்.

"கல்யாணத்துக்கும் வைன் இங்கேயிருந்து தன்னே பாப்பன்" என்றாள். "அம்மையோட கை அப்போ சரியாயிருக்கும்."

பாப்பன் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை லிண்டாவைப் பார்த்தான். பிறகு பாப்பன் மிச்சம் வைத்த கிளாஸை எடுத்து அவனும் குடித்தான். பாதியில் கண்ணில் நீர் வந்தது, விடவில்லை. முடித்துவிட்டு, "எனிக்கு இது மதி" என்றான். சொன்ன கையோடு கைகழுவும் இடத்துக்கு ஓடினான். பாப்பன் தாடையைத் தடவிக்கொண்டார். "ஆகட்டே, வைன் ஃபிலோமினா போடட்டே. ஆனா இந்த மாடிவீட்டுப் பெண்ணு கிட்டே வரக்கூடாது" என்றார். அதுதான் கல்யாணத்துக்கு அவர் வைத்த ஒரே நிபந்தனை.

சேச்சி என்னைத் திட்டவில்லை. எல்லோரும் போன பிறகு, "உள்ளதைப் பறயு மோளே, ஊர்ல நீ எந்தா செய்துகொண்டிருந்நது?" என்று மட்டும் கேட்டார். "பி.காம் படிச்சேன் சேச்சி" என்றேன். அவர் நெடுநேரம் சிரித்தார், பிறகு கொஞ்சம் அழுதார், பிறகு பரணியைக் கழுவச் சொன்னார். கழுவுவதில் எனக்கு நல்ல தேர்ச்சி உண்டு.

கல்யாண வைனைச் சேச்சியே போட்டார். பாப்பன் மூன்று கிளாஸ் வாங்கிக் குடித்துவிட்டு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, அவரிடமிருந்து அதுதான் பாராட்டு. லிண்டாவுக்கும் அவள் கணவனுக்கும் இன்றைக்கும் எதில் சண்டை வந்தாலும், "உனக்காக அந்த வைனைக் குடிச்சவன் ஞான்" என்று அவன் முடிப்பான். "குடிச்சதை நீ கக்கினே, ஞான் கக்கலை" என்று அவள் அதற்கு மேல் முடிப்பாள்.

கும்பளங்கிக் குடும்பத்தில் இன்னொரு பழக்கமும் வந்துவிட்டது. நான் எதையாவது கையில் ஏந்திக்கொண்டு அறைக்குள் நுழைந்தால், பாப்பன் தன் கிளாஸ் வாயை உள்ளங்கையால் மூடிக்கொள்வார். வெறும் தண்ணீர்ச் சொம்பாக இருந்தாலும் சரி. அவரைப் பார்த்து மாப்பிள்ளை, அவனைப் பார்த்து அந்த வரிசை முழுக்க மூடும். போன ஈஸ்டருக்கு நான் பாயசத்தோடு போனபோது, லிண்டாவின் மகள், இன்னும் பேச்சு திருந்தாத குழந்தை, என்னைக் கண்டதும் தன் பால் பாட்டிலின் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டது. அது ஏன் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. மாடிவீட்டு ஆன்ட்டி வந்தால் மூட வேண்டும், அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்.