போல்ட்டைத் தின்ற வியர்வை

மர்பி டவுன், பெங்களூர்
25-11-1961

மரியாதைக்குரிய கோவிந்தப்பா மாமாவுக்கு, பாஞ்சாலி அக்காவின் தம்பி அய்யாவு கைகூப்பி எழுதுவது. இங்கே நானும் சந்திரம்மாவும் சுகம். அங்கே தங்கவயல் சுரங்கத் தூசியில் நீங்கள் இருமாமல் இருக்க மாரியம்மன் துணை.

வேலை பர்மனெண்ட் ஆயிற்றா என்று கேட்டிருந்தீர்கள். ஆகாது போலிருக்கிறது மாமா, காரணம் போல்ட்டு. எங்கள் கம்பித் தொழிற்சாலையில் கம்பியை ஆசிட் தொட்டியில் முக்கிக் கழுவுவார்கள். அதற்கு நேர் மேலே கூரையைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள், துருப்பிடிக்கக் கூடாதென்று துத்தநாகம் பூசி வந்தவை. ஆவி வெளியே போக ஒரு விசிறி கேட்டால் மானேஜர் ஸ்ரீகண்டன், "ஜன்னல் இருக்கே, ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கப்பா" என்பார். திறந்தால் சாரல், மூடினால் ஆசிட் ஆவி. அங்கே மாட்டிவைத்த என் சாப்பாட்டுத் தூக்கின் பிடியே இற்று விழுந்து, சாம்பார் முழுக்க நிஜாரில் போயிற்று.

இந்த லட்சணத்தில் ஆயுத பூஜை. முதலாளி வருகிற நேரத்தில் போல்ட்டெல்லாம் வெள்ளை பூத்து அழுமூஞ்சியாக இருக்கிறதே என்று மானேஜருக்குக் கவலை. "உங்க வீட்ல குத்துவிளக்கு எதுல தேய்ப்பீங்க?" என்றார். புளி என்றோம். அவ்வளவுதான், மூட்டைப் புளி வந்து இறங்கியது. ஏணி போட்டு ஏறித் தேய்த்தோம், பளபளத்தது, குங்குமம் வைத்தோம், முதலாளி கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஆவி தின்றது போக மீதிப் பூச்சைப் புளி தின்றுவிட்டதை யார் கண்டார்? தீபாவளிக்குள் எல்லாம் செங்கல் நிறம். போன வாரம் போல்ட்டு முறிந்து ஒரு கூரைத்தகடு சரிந்து, தொட்டிக்குச் சற்றுத் தள்ளியிருந்த மானேஜர் நாற்காலி மேல் இறங்கியது. மனுஷன் காபிக்குப் போயிருந்தார், என்ன செய்வது.

உடனே விசாரணை. படித்த மூன்று பேர் வந்தார்கள், ஆவி தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள், மரத்தடியில் உட்கார்ந்து கண்டுபிடித்தார்கள்: போல்ட்டு முடுக்குகிறவன் கையில் வியர்வை, வியர்வையில் உப்பு, உப்பினால் துரு. கூட்டுகிற பிரிஜெட் அக்கா, "இந்தக் குளிர்ல எங்க சார் வேர்க்குது?" என்று கேட்டாள். "நீங்க கருவாடு துன்ற ஆளுங்க, உங்களுக்கு உப்பு ஜாஸ்தி" என்றார் மானேஜர். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். இவர் நினைத்த அழகு இது.

வியர்வைதான் காரணம் என்று எங்களில் ஒருவன் கையெழுத்துப் போட வேண்டுமாம். போட்டால் தொட்டிப் பக்கம் நிற்கிற அத்தனை பேருக்கும் வேலை போகும், பிரிஜெட் அக்காவுக்கும் சேர்த்து. என்னிடம்தான் பேனாவை நீட்டுகிறார்கள். கையே அழுகினாலும் போடமாட்டேன் மாமா. சுரங்கத்தில் எனக்கொரு வேலை பாருங்கள்.

அக்காவுக்கு என் நமஸ்காரம், பிள்ளைகளுக்கு முத்தம்.

தங்கள் மைத்துனன்,
அய்யாவு

பி.கு.: எழுதி நாலு நாளாயிற்று, தபாலில் போடக் கை ஒழியவில்லை. சுரங்கத்தில் வேலை பார்க்க வேண்டாம். பர்மனெண்ட் ஆகிவிட்டது, சூப்பர்வைசர் என்கிறார்கள். திங்கட்கிழமை புது ஆட்கள் வருகிறார்கள், அவர்களுக்கு வியர்க்காமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. சந்திரம்மா வேளாவேளைக்குச் சமைத்துப் போடுகிறாள், உப்பு மட்டும் போடுவதில்லை. கேட்டால், "உப்புப் போட்டுத் துன்றவங்களுக்குத்தான் போடணும்" என்கிறாள்.