மோட்டாருக்கும் செய்வினை

காளிதாசனுக்கு நெஞ்சு வலித்தது. யாரோ உரமூட்டையை மார்பில் இறக்கி வைத்துவிட்டு எடுக்க மறந்ததுபோல. கையுறைத் தொழிற்சாலையில் ஜாகா வேலை. பன்னிரண்டு மணி நேரக் காவல், மாற்று ஆள் வராவிட்டால் பதினாறு. விழித்திருக்கச் சிகரெட், அதற்குத் துணையாகச் சீனி தூக்கலான தே தாரிக் டீ. ரத்த அழுத்த மாத்திரை மட்டும் அலமாரியில் நிம்மதியாகத் தூங்கியது.

இப்படிப்பட்ட நெஞ்சுகளுக்காகவே பாடாங் செராயில் பக்கிரிசாமி அவதரித்திருந்தார். செய்வினையை ரத்தமாக உறிஞ்சி எடுப்பாராம். ஞாயிறு காலை அவர் வாசலில் ஐம்பது மோட்டார் சைக்கிள். லோரி ஓட்டுகிறவர், செம்பனைக் குலை வெட்டுகிறவர், மில்லில் நிற்கிறவர். எல்லாருக்கும் அதே வலி, எல்லாருக்கும் செய்வினை. வைத்தவனைத் தேடியிருந்தால் ஷிப்ட் அட்டவணை போட்டவன்தான் சிக்கியிருப்பான்.

பத்து வாரம் ஓய்வே இல்லாமல் உழைத்து, பதினோராவது வாரம் கிடைத்த ஒரே லீவைக் காளிதாசன் இங்கே கொண்டுவந்திருந்தான். கூடவே மனைவி மருதம்மாள்.

"நீ கூடுதல் நேரம் பாத்த ஓட்டி காசுல எவனோ கண்ணு வச்சிட்டான் தம்பி" என்றார் சாமி. மார்பில் விபூதியைத் தேய்த்தார். ஈர மஞ்சள் துணியை அழுத்தினார். துணி சிவந்தது.

"முருகா!" என்றது கூட்டம்.

"வினை எறங்கிடுச்சு. இனி டபுள் ஷிப்டே போலாம்."

"அப்ப நாளைக்கு கிளினிக் போக வேணாம்லா சாமி?"

"எதுக்கு?"

மருதம்மாள் எழுந்தாள். "சாமி, எனக்கும் கொஞ்சம் விபூதி."

தாராளமாகத் தந்தார். அவள் அதை வாசலில் நின்ற தங்கள் மோட்டார் சீட்டில் தேய்த்து, சாமி கையிலிருந்த துணியைப் பிடுங்கி அதன் மறுமுனையை அழுத்தினாள். சிவப்பு!

"மோட்டாருக்கும் ரத்தம் வருதே சாமி. இதுக்கு யாரு வச்சா?"

"அது... வண்டி தோஷம்மா."

"துணியில மஞ்சள், விபூதியில சுண்ணாம்பு. கல்யாணத்துக்குக் கல்யாணம் ஆரத்தி சுத்த ஆலம் கரைக்கிறவகிட்டயா இந்த வித்தை?"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அங்கே ஆலம் சுற்றாத கை ஒன்றுகூட இல்லை.

"அடச்சீ, என் கல்யாணத்துக்குச் சுத்துனதுதானே இது!" என்றார் லோரிக்காரர். சாமிக்குத் திடீரெனப் பூஜை நேரம் வந்தது. கதவுக்கு உள்தாழ்ப்பாளும் வந்தது.

"ஆனா மருதா, வலி கொறைஞ்ச மாதிரிதான் இருக்கு" என்றான் காளிதாசன்.

"ரெண்டு மணி நேரமா சும்மா ஒக்காந்திருக்கீங்கல்ல, அதான்!"

மறுநாள் கிளினிக்கில் ரத்த அழுத்தம் நூற்றெண்பது. "மாத்திரை போடல, சிகரெட்ட விடல, தூங்கவும் இல்ல. இதயம் என்ன இரும்பாண்ணே?" என்றார் நர்ஸ் மிஸ்ஸி.

சாமி வாசலில் இன்னும் காத்திருக்கும் புத்திசாலிகளே, துணியைப் பார்த்தது போதும். உங்கள் பஞ்ச் கார்டை ஒருமுறை பாருங்கள். காளிதாசனின் கார்டில் இருக்கிறது கணக்கு: கம்பெனி அவனுக்கு இன்னும் தரவேண்டியது பத்து ஓய்வு நாள்.