போர்த்துகலுக்கு மாற்றப்பட்ட பிணங்கள்

ஸ்பெயினில் செத்தவர்கள் எழுந்திருப்பதில்லை. வேறெந்த நாட்டுக்கும் வாய்க்காத இந்தப் பெருமைக்கு எங்கள் தணிக்கைக் குழுவே காரணம். எவாரிஸ்தோ என்கிற அடியேன் அதில் மூன்றாம் நிலை அதிகாரி.

1971-இல் ஓர் இயக்குநர் பேய்க்கதையோடு வந்தார். அறுநூறு ஆண்டுக்கு முன் செத்த சிலுவைப்போர் வீரர்கள் கல்லறையிலிருந்து எழுந்து வருகிறார்கள். கண் தெரியாது; காது கூர்மை. சத்தம் போட்டவர் செத்தார்.

"நம்ம நாட்டுப் பிணமா எழுந்திருக்குது?" என்றார் குழுத் தலைவர்.

"கதைக்குத்தாங்க ஐயா."

"போர்த்துகல்ல எழுந்திருக்கச் சொல்லுங்க."

அப்படியே கதை போர்த்துகலுக்குப் போனது. படப்பிடிப்பு மட்டும் எங்கள் வடக்குக் கிராமம் ஒன்றின் இடிந்த மடாலயத்தில். தேசத்தின் மானத்தைக் காக்க நானும் போனேன். கதாநாயகியின் குளியலை உள்ளூருக்குத் துணியோடும் 'ஏற்றுமதிக்கு' இல்லாமலும் எடுத்தார்கள். இரண்டையும் கடமை தவறாமல் பார்த்தேன்.

மூன்றாம் நாள், வீரர்கள் எழும்பக் குழி வெட்டியபோது நிஜ எலும்பு வந்தது. கூடவே மக்கிப்போன கோட்டு ஒன்று, நான்கு பொத்தான்கள். வீரர்களுக்குச் சவத்துணி தைத்துக்கொண்டிருந்த உள்ளூர்த் தையற்காரி எர்மெலிந்தா குழியருகே உட்கார்ந்துவிட்டாள்.

"என் புருஷன். மூணு கறுப்பு, ஒண்ணு பச்சை. பச்சை நான் தச்சது. முப்பத்தாறுல, உள்நாட்டுப் போரப்போ, இப்ப ஆளுறவங்களோட ஆளுங்க வண்டியில ஏத்திட்டுப் போனாங்க."

"மெதுவாப் பேசும்மா," என்றார் இயக்குநர்.

"முப்பத்தஞ்சு வருஷமா மெதுவாத்தான பேசுறேன். எடுத்துக் குடுங்க, முறைப்படி அடக்கம் பண்ணணும்."

தலைநகருக்குத் தொலைபேசியில் பேசினேன்.

"என்ன எலும்பு?" என்றார் தலைவர்.

"மனுஷ எலும்புங்க. பொத்தான்கூட..."

"எவாரிஸ்தோ, நல்லாப் பாத்தீங்களா?"

"ஆட்டெலும்புங்க."

குழியை மூடினார்கள். மூன்று பொத்தான்களைக் கோப்பில் சேர்த்தேன், பச்சை அகப்படவில்லை. எர்மெலிந்தா மண்வெட்டியோடு திரும்பி வந்து சத்தம் போட்டாள். காவலர்கள் அழைத்துப்போய் ஒரு வாரம் வைத்திருந்து அனுப்பினார்கள். வீரர்களோ அதே மண்ணிலிருந்து ஒரே முயற்சியில் அழகாக எழுந்தார்கள்.

படம் அந்தக் கிராமத்துக்கு வந்தபோது சிறப்பு விருந்தினராகப் போனேன். பக்கத்து இருக்கையில் எர்மெலிந்தா. கடைசிவரை வலக்கை மூடியே இருந்தது. பெருந்தன்மையோடு விசாரித்தேன்:

"பேயெல்லாம் எப்படிம்மா இருந்துச்சு?"

"கண்ணு தெரியல. வாயத் திறந்தா தேடி வந்துருது," என்றாள். "எல்லாம் போர்த்துகல்ல இருக்குன்னு போட்டிருக்கீங்க. அப்போ எம் பக்கத்துல உக்காந்திருக்கிறது யாருங்க?"