சம்பந்தி வீட்டாரும் எங்கள் காரின் பிரேக்கும்

என் தங்கையின் மாமனாரை நான் கொல்லப் பார்த்தேன் என்று எங்கள் சொந்தத்தில் ஒரு கதை உலவுகிறது. அப்பட்டமான பொய். நடந்ததற்கெல்லாம் பொறுப்பு ஒரு பிரேக்கும், அந்தப் பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாத என் வீட்டுக்காரரும்தான். (இதை அவர் படிப்பார். படிக்கட்டும்.)

தோட்டத்துப் பள்ளிக்கூடத்து டீச்சரான நான் கார் பழகியது பலாங்கொடை டவுனில், ஒரு கிழட்டு லேர்னர்ஸ் காரில். அதன் பிரேக் தேத்தண்ணியில் ஊறிப்போன பாண் துண்டு மாதிரி இருக்கும். மிதித்தால் உள்ளே போகும், போய்க்கொண்டே இருக்கும், கார் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்தில் இருக்கும் மாஸ்டர், "பாகன்ன மிஸ், ஹொந்தட்ட பாகன்ன!" என்று சிங்களத்தில் அலறுவார். நன்றாக மிதிக்க வேண்டுமாம். நானும் பாம்பைக் கண்டவள் போல மிதித்து மிதித்தே பழகி, பரீட்சையில் பாஸாகி, லைசென்ஸும் எடுத்துவிட்டேன். இந்த மலையில் என்னைப் போல ஓட்ட ஆளில்லை என்ற நினைப்பும் லைசென்ஸோடு சேர்ந்து வந்தது.

வீட்டில் ஒரு வெள்ளைக் குட்டிக் கார் இருந்தது. இருந்தது என்றால், தேயிலைத் தோட்ட ஆபீஸில் கிளார்க்காக இருக்கும் என் வீட்டுக்காரருக்கு இருந்தது. காலையில் என் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அதன் முகத்தைத் துடைப்பார். சாவியைக் கேட்டால், "ரோடு ஈரமா இருக்கு, இன்னொரு நாளைக்குப் பார்ப்போம்" என்பார். எங்கள் தோட்டத்து ரோடு என்றைக்குக் காய்ந்திருக்கிறது, சொல்லுங்கள்!

என் தாயாரோடு எங்கள் வீட்டில் இருந்த தங்கை சாந்தியைப் பெண் பார்க்க யட்டியாந்தோட்டையிலிருந்து மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் வருவதாக இருந்தது. நல்ல இடம். பையனும் அவளும் ஏற்கனவே போனில் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்கு மட்டும் தெரிந்த ரகசியம். "எப்படியாவது நல்லபடியா முடிச்சுக் குடுக்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியிருந்தாள். அவர்கள் பலாங்கொடைக்கு பஸ்ஸில் வருவார்கள், வீட்டுக்காரர் காரில் போய் அழைத்து வருவார் என்பது ஏற்பாடு. அன்று காலை அவர் வீரம் காட்டி, வருகிறவர்கள் உட்காரப் பிளாஸ்டிக் கதிரைகளை மொத்தமாக அடுக்கித் தூக்கினார். இடுப்புப் பிடித்துக்கொண்டது. பாயில் மல்லாந்து கிடந்தபடியே சாவியை நீட்டினார்.

"நீயே போயிட்டு வா. பாத்து."

'பாத்து'! அந்தக் காரைப் பற்றி அவர் எனக்குத் தந்த மொத்தப் பயிற்சியும் அந்த ஒரு சொல்தான்.

தோட்டத்து கேட்டருகே, பழக்கப்படி பிரேக்கை மிதித்தேன். கார் அடித்து வைத்த ஆணி போல நின்றது. பெல்ட் மட்டும் இல்லாவிட்டால் நான் பானட்டில் உட்கார்ந்திருப்பேன். லைசென்ஸோடு வந்த நினைப்பு அந்த இடத்திலேயே இறங்கிப் போய்விட்டது. கால் ஒருமுறை பயந்துவிட்டால் அப்புறம் பிரேக்கைத் தொடவே யோசிக்கும். யோசித்து யோசித்து, கடைசி நொடியில் தொடும்போது பாம்பை மிதிக்கிற மிதியாகத்தான் மிதிக்கும். டவுன் வரைக்கும் இப்படியே போய்ச் சேர்ந்தேன்.

பஸ் ஸ்டாண்டில் அவர்கள் நின்றிருந்தார்கள். கஞ்சி போட்ட வெள்ளைச் சேர்ட்டில் மாப்பிள்ளையின் அப்பா முன் சீட்டில் ஏறினார். அம்மா அவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்தார், வாய் நிறைய வெற்றிலை. முட்டி வலி, பஸ்ஸில் கால் நீட்ட முடியவில்லை என்றார். "நம்ம கார்ல சொகமா வரலாம்மா" என்றேன் நான்.

வழியில் நாய்க்கு ஒருதரம், மாட்டுக்கு ஒருதரம், ஒன்றுமே இல்லாததற்கு ஒருதரம் என்று பிரேக் போட்டேன். ஒவ்வொரு தரமும் மூன்று பேரும் ரோட்டைக் கும்பிட்டோம். அப்பா ரொம்ப மரியாதைக்காரர். "பிரேக் நல்லாப் புடிக்குதுங்க டீச்சர்" என்றார்.

தோட்டத்துக்கு ஏறும் வளைவில் பஸ் ஒன்று இறங்கி வந்தது. மிதித்தேன். கார் நின்றது. பின் சீட்டு அம்மாவின் வாயில் இருந்தது நிற்கவில்லை. அப்பாவின் வழுக்கைத் தலை, கழுத்து, வெள்ளைச் சேர்ட், எல்லாம் சிவப்பு.

பஸ் டிரைவர் ஜன்னலால் எட்டி, "பய வெண்ட எபா மிஸ்" என்று எனக்குத் தைரியம் சொன்னார். பிறகு அப்பாவைப் பார்த்தார். "அம்மோ, லே!" என்று அவரே நடுங்கிப்போனார். ரத்தமாம்! பஸ்ஸில் இருந்த எல்லோரும் எழுந்து நின்று பார்த்தார்கள்.

பின் கதவு திறந்தது.

"டீச்சர், நான் நடந்து வந்துர்றேன். கொழுந்து எடுக்கிறவங்க குறுக்குப் பாதை காட்டுவாங்க."

"ஏத்தப் பாதைம்மா! முட்டி வலின்னு சொன்னீங்களே?"

"இப்ப வலிக்கலைங்க."

அப்பா மட்டும் இறங்கவில்லை. என் மேல் நம்பிக்கை வைத்த ஒரே மனிதர் என்று உருகிப்போனேன். பெல்ட்டைக் கழற்றத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளையின் அம்மா எங்களுக்கு முன்பே வந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். காரிலிருந்து இறங்கிய சிவப்பு மனிதரைக் கண்டதும் என் தாயார் "ஐயோ, ரத்தம்!" என்று அலறினார். இடுப்பு அசையாமல் கிடந்த என் வீட்டுக்காரர் துள்ளி எழுந்து ஓடி வந்தார். வந்தவர் அந்த மனிதரைத் தாண்டிப் போய், காரின் முன்பக்கத்தைக் குனிந்து தடவிப் பார்த்தார்.

"கார்ல ஒண்ணும் படலையே?"

"வெத்தலைங்க அது. பிரேக்கை மிதிச்சேன், அவ்வளவுதான்" என்றேன்.

"அந்தப் பிரேக்கை லேசாத் தொட்டாலே போதுமே. ஏன் மிதிக்கிற?"

"இதைக் காலையில சொல்ல வாய் வரலையா உங்களுக்கு?"

"உனக்குத்தான் லைசென்ஸ் இருக்கே."

பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனேன். என்னால் தங்கையின் வாழ்க்கை கெட்டுவிட்டது என்று குசினியில் அடுப்பருகே நின்று அழுதேன்.

மாப்பிள்ளையின் அப்பா குளித்து, என் வீட்டுக்காரரின் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். சாந்தி தேத்தண்ணி கொண்டுபோனாள். மாப்பிள்ளையின் அம்மா அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"பொண்ணுக்குக் கார் ஓட்டத் தெரியுமா?"

என் தாயார் அதைத் தகுதி என்று நினைத்துவிட்டார். "இப்பத் தெரியாதுங்க. ஆனா அவ அக்காவே பழக்கிக் குடுத்துருவா."

வந்தவர்கள் இருவரும் ஒரே நேரத்தில் கதிரையை விட்டு எழுந்தார்கள். சாந்தி தட்டோடு முன்னால் வந்தாள்.

"ஐயோ, வேணாங்க! எனக்கு பஸ்ஸே போதுங்க."

அப்பா மெதுவாகத் திரும்ப உட்கார்ந்தார். "அப்ப எங்களுக்குச் சம்மதம்."

இன்றைக்கும் எங்கள் சொந்தத்தில் எந்தப் பெண்ணுக்கு இடம் பேசினாலும், "படிச்ச புள்ள, அமைதியான புள்ள, கார் ஓட்டத் தெரியாது" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். எல்லோரும் என் பக்கம் திரும்பிச் சிரிப்பார்கள். அந்தக் கல்யாணத்தை முடித்து வைத்தது என் கால்தான் என்று ஒருத்தராவது சொல்ல வேண்டுமே!

சாந்தி மட்டும் சிரிப்பதில்லை. சனிக்கிழமைகளில் அவளுக்கு நான்தான் கார் பழக்குகிறேன். மாமியாருக்குத் தெரியாது.